ஏற்காட்டுக் கடையின் முகப்புக் கண்ணாடியில் கைவினைப் பொருள்களைக் காட்சிக்கு வைப்பது எப்படி?

சேலம் நகரின் குகை என்ற பகுதியில் ஆடித் திருவிழாவின்போது நடக்கும் வண்டி வேடிக்கையைப் பார்த்தவர்களுக்குக் காட்சி அமைப்பதைப் பற்றி அடிப்படையிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. ஒரு வண்டிக்கு ஒரு புராணக் காட்சி என்பதுதான் அங்கே கணக்கு. வண்டி நம்மைக் கடந்து போகும் சிறு நேரத்துக்குள், அது எந்தக் கதை என்று தோளில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் தெரிந்துவிடும். கடையின் முகப்புக் கண்ணாடியில் பொருள் நிற்கிறது, பார்ப்பவர் கடந்து போகிறார். அது ஒன்றுதான் வேறுபாடு. ஒரு கண்ணாடிக்கு ஒரு காட்சி என்ற விதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஏற்காட்டில் ஏரிக்குப் போகும் வழியில் நினைவுப் பொருள்கள் விற்கும் சிறிய கடை ஒன்றைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறேன். தொடக்கத்தில் நானும் கையிலிருந்த சரக்கில் வகைக்கு இரண்டாக எடுத்துக் கண்ணாடிக்குள் அடுக்கியவன்தான். எல்லாம் இருக்கிறது என்று காட்டினால்தான் ஆள் உள்ளே வரும் என்பது என் எண்ணம். வந்தவர்களோ கண்ணாடியை ஏறிட்டும் பார்க்காமல், "சாவிக்கொத்து இருக்கா?" என்று கேட்டார்கள். நாற்பது பொருள்கள் இருந்த இடத்தில் ஏழு பொருள்களை வைத்த பிறகுதான், வெளியே நின்று ஒன்றைச் சுட்டிக்காட்டி, அதை எடுத்துக் காட்டச் சொல்லும் வாடிக்கையாளர்கள் வரத் தொடங்கினார்கள்.

எதை வைப்பது

மலையில் விற்கும் நினைவுப் பொருள்களில் பெரும்பகுதி மலையில் செய்யப்பட்டவை அல்ல என்பதைக் கடைக்காரர்களாகிய நாம் முதலில் நமக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். அரக்குப் பூசிய மரப் பொம்மைகள் கர்நாடகத்தின் சன்னபட்டணத்திலிருந்து வருகின்றன. தலையாட்டி பொம்மை தஞ்சாவூருடையது. அவற்றை விற்பதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் முகப்பில், ஏற்காடு என்று எழுதிய பலகைக்குக் கீழே அவற்றை நிறுத்தும்போது, சொல்லாமலே ஒரு பொய்யைச் சொல்லிவிடுகிறோம். முகப்புக் கண்ணாடியைச் சேலத்துக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் ஒதுக்கிவிட்டு, தொலைவிலிருந்து வந்தவற்றைக் கடைக்குள்ளே அவற்றின் ஊர்ப் பெயரோடு வைப்பதே நேர்மையான ஏற்பாடு.

அதற்கு வேண்டிய அளவு சரக்கு நம் பக்கத்திலேயே இருக்கிறது. அம்மாபேட்டை, குகைப் பகுதிகளின் தறிகளில் நெய்யும் பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமும் சேலம் வெண்பட்டு என்ற பெயரில் புவிசார் குறியீடு பெற்றவை. செவ்வாய்ப்பேட்டை வட்டாரப் பட்டறைகளில் செய்யப்படும் வெள்ளிக் கொலுசுக்கு அறிமுகம் தேவையில்லை. தம்மம்பட்டியில் மரச்சிற்பம் செதுக்குகிறார்கள். மாக்கல்லில் கடைந்த கல்சட்டி மீண்டும் அடுப்படிக்குத் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. பக்கத்து ஈரோடு மாவட்டத்தின் பவானி ஜமக்காளத்தையும் சேர்த்துக்கொண்டால், மாதம் ஒரு காட்சி என்ற கணக்கில் மாற்றி மாற்றி வைக்கலாம். இவை அனைத்தையும் ஒரே நேரத்தில் வைக்கத் தோன்றும். அந்த ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும்.

சில பொருள்களை எந்தக் காரணத்துக்காகவும் வைக்கக் கூடாது. மான் கொம்பு, காட்டெருமைக் கொம்பு, யானைத் தந்தம் முதலியவற்றை விற்பதை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. பாட்டன் காலத்துப் பொருள், அழகுக்காக மட்டுமே மாட்டியிருக்கிறோம் என்ற விளக்கம் நம்மைக் காப்பாற்றாது. சந்தன மரம், ஈட்டி மரம் ஆகியவற்றில் செய்த பொருளாக இருந்தால், வாங்கிய இடத்தின் ரசீது இல்லாமல் அதைக் கண்ணாடிக்குள் ஏற்ற வேண்டாம்.

வேலைப்பாட்டின் இடைநிலையைக் காட்டுதல்

முழுதாக முடிந்த பொருளை மட்டும் வைத்தால், பார்ப்பவருக்கு அதன் விலைதான் கண்ணில் படும். முடியாத பொருளையும் பக்கத்தில் வைத்தால் உழைப்பு கண்ணில் படும். என் கடையின் முகப்பில் அதிகம் பேரை நிற்கவைத்தது மூன்று மரக்கட்டைகள் கொண்ட ஒரு காட்சி. முதல் கட்டையில் பென்சில் கோடு மட்டும் இருந்தது. இரண்டாவதில் உளி பாதி தூரம் போயிருந்தது, கழுத்துக்குக் கீழே மரம் மரமாகவே இருந்தது. மூன்றாவது, பல்லும் பிடரியும் தெளிந்த முழு யாளி. இரண்டாவது கட்டையின் அடியில், செதுக்கும்போது தெறித்த மரச்சுருள்களைக் கூட்டித் தள்ளாமல் ஒரு கைப்பிடி போட்டு, அருகே ஓர் உளியையும் அதைத் தட்டும் மரச் சுத்தியலான கொட்டாப்புளியையும் சாய்த்து வைத்திருந்தேன். மழைக்கு ஒதுங்கி நின்ற ஒரு முதியவர், அந்த உளியின் கைப்பிடியில் கட்டைவிரல் பட்டுத் தேய்ந்திருந்த பள்ளத்தைத் தம் பேரனுக்குக் காட்டிக்கொண்டிருந்ததைக் கண்ணாடிக்கு உள்ளிருந்து பார்த்தேன். அந்தப் பள்ளத்தை அதுவரை நானே கவனித்திருக்கவில்லை.

பாதி வேலை முடிந்த பொருளைக் கைவினைஞரிடம் கேட்கும்போது முழுப் பொருளுக்கான விலையைக் கொடுத்துவிட வேண்டும். அவருடைய ஒரு நாள் வேலையை நடுவில் நிறுத்தித்தான் அதை வாங்குகிறோம். அரைகுறையாக நிற்பதற்கு யாளி, அன்னம், குதிரை போன்ற உருவங்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது. முகம் முடியாத பிள்ளையாரையோ, தும்பிக்கை உடைந்த பிள்ளையாரையோ பின்னமானது என்று கருதி மனம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்கள் சுளிப்பதிலும் நியாயம் இருக்கிறது.

பட்டு வேட்டிக்குப் பக்கத்தில் தறியில் ஊடு நூலை இழுத்து ஓடும் ஒரு நாடாவும், பட்டு நூல் சுற்றிய இரண்டு தார்களும், நெடுக்கு நூல்களான பாவில் ஒரு சாண் நீளமும் போதும். தறியையே சிறு உருவமாகச் செய்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது பள்ளிக் கண்காட்சி போலத் தோன்றுவதால் எனக்கு அதில் விருப்பமில்லை. கொலுசுக்கு, இழுத்த வெள்ளிக் கம்பிச் சுருள் ஒன்று, வளையங்களாகக் கோத்தும் மெருகு ஏற்றாத துண்டு ஒன்று, முடிந்த ஜோடி ஒன்று என வைக்கலாம். கொலுசைக் கொக்கியில் தொங்கவிட்டால் துவண்டு கயிறு போலத் தெரியும். கணுக்கால் பருமனுள்ள உருளைக் கட்டையில் மாட்டினால்தான் அதன் வளைவும் முத்துகள் விழும் விதமும் புரியும். எப்போதும் ஜோடியாகவே வைக்க வேண்டும். ஒற்றைக் கொலுசைப் பார்க்கிறவருக்கு இன்னொன்று தொலைந்துபோன நினைவுதான் வரும்.

கல்சட்டியை விளக்க ஒரே வழிதான் உண்டு. கடைந்தெடுத்த சாம்பல் நிறப் புதுச் சட்டியையும், எண்ணெயும் புளிக்குழம்பும் ஏறிக் கருத்துப் பளபளக்கும் பழகிய சட்டியையும் அடுத்தடுத்து வைத்துவிட்டால், மற்றதைப் பார்ப்பவரே புரிந்துகொள்வார். பழக்காத சட்டியை நேராக அடுப்பில் ஏற்றினால் விரிசல் விடும். ஆகவே விளக்கெண்ணெயும் மஞ்சளும் தடவி ஊறவைத்து, சில நாள்கள் சூடான வடிகஞ்சி ஊற்றி வைத்திருந்து, பிறகு சிறு தீயில் பழக்கும் முறையை ஒரு சீட்டில் எழுதிச் சட்டிக்குள்ளேயே போட்டுக் கொடுங்கள்.

தெருவிலிருந்து அளத்தல்

கடைக்குள் நின்றுகொண்டு முகப்பை அலங்கரிப்பதே பெரும்பாலோர் செய்யும் பிழை. ஒவ்வொரு பொருளையும் வைத்த பிறகு வெளியே போய், சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து ஒரு முறை, மூன்றடி தூரத்திலிருந்து ஒரு முறை எனப் பார்க்க வேண்டும். சமதரையில் முக்கியப் பொருளின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தால் நிற்பவரின் கண்ணுக்கு நேராக அமையும். ஆனால் மலைச் சாலை சமதரை அல்ல. மேட்டிலிருந்து இறங்கி வருபவர் கண்ணாடியை மேலிருந்து பார்க்கிறார். பேருந்திலிருந்து இறங்கி ஏறி வருபவருக்கு அதே கண்ணாடியின் அடித்தட்டுத்தான் முதலில் தெரிகிறது. எந்தப் பக்கத்திலிருந்து உங்கள் கடைக்கு ஆள் அதிகம் வருகிறதோ, அந்தப் பக்கத்துக் கண்ணை வைத்துத்தான் உயரத்தை முடிவு செய்ய வேண்டும். என் கடைக்கு வருபவர்கள் ஏறியே வருவதால், முக்கியப் பொருளை ஒரு முழம் தாழ்த்தி வைத்திருக்கிறேன். காருக்குள் உட்கார்ந்து போகிறவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அதே உயரம் வசதியாக அமைந்துவிட்டது.

படிகள் அமைப்பதில் நவராத்திரிக் கொலு நமக்குப் பழகிய முறை. ஆனால் கொலுவை அப்படியே கண்ணாடிக்குள் கொண்டுவரக் கூடாது. கொலுவைப் பார்க்க வருபவர் பாயில் உட்கார்ந்து, சுண்டல் வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு பொம்மையாகப் பேசிப் பார்க்கிறார். தெருவில் போகிறவருக்கு அந்த அவகாசம் கிடையாது. மூன்று படிகளுக்கு மேல் வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு இடத்தை வெறுமையாகவே விட்டுவிடலாம். உயரமான பொருள் பின்னால், சற்று ஒரு பக்கமாக நிற்கட்டும். நட்டநடுவில் நிறுத்தினால் பூஜை அறையின் சாயல் வந்துவிடும். பின்துணியாக ஜமக்காளத்தை விரித்துத் தொங்கவிடுவதைப் பல கடைகளில் பார்க்கிறேன். அதன் பட்டைகள் முன்னால் இருக்கும் பொருளை விழுங்கிவிடும். சுருட்டி நிறுத்தி, ஓரம் மட்டும் தெரியும்படி விடுங்கள்.

ஒளி

பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடியாக மாறிவிடுவது இந்தத் தொழிலின் நிரந்தரத் தொல்லை. வெளியே வெளிச்சம் அதிகமாகவும் உள்ளே குறைவாகவும் இருப்பதுதான் காரணம். உள்ளே விளக்கைக் கூட்டி வெயிலோடு போட்டியிட முடியாது. வாசலுக்கு மேல் சாய்ப்பு ஒன்றை இறக்கி, கண்ணாடியின் மேல் நிழல் விழச் செய்வதே தீர்வு. கரிய பின்புலத்தில் எதிரொளி அதிகம் தெரியும் என்பதால், சந்தன நிறமோ வெளிர் மண் நிறமோ கொண்ட துணியைப் பின்னால் கட்டலாம். வெள்ளிக்கு மட்டும் கரும்பச்சை அல்லது அரக்கு நிறத் துணிதான் எடுப்பாக இருக்கும். அதற்காகச் சிறு மரப்பெட்டி ஒன்றைப் பக்கவாட்டில் சாய்த்து, அதன் உட்புறத்தில் மட்டும் அந்தத் துணியை ஒட்டிக்கொண்டேன்.

விளக்குக்கு எல்இடி போதும். 3000 கெல்வின் அளவுள்ள இளமஞ்சள் ஒளியாகவும், நிறத்தைச் சரியாகக் காட்டும் தன்மையைக் குறிக்கும் சிஆர்ஐ எண் 90-க்கு மேலும் இருப்பதாகப் பார்த்து வாங்க வேண்டும். பழைய ஹாலோஜன் விளக்கின் சூடு, மூடிய கண்ணாடிக்குள் மரத்தை வெடிக்கச் செய்யும். விளக்கு மேலிருந்து முன்பக்கமாகச் சற்றுச் சாய்ந்து, செங்குத்துக்கு 30 பாகை கோணத்தில் விழுந்தால் செதுக்கலின் ஆழம் நிழலாகத் தெரியும். நேர் எதிரிலிருந்து அடித்தால் சிற்பம் தட்டையாகிவிடும்.

பட்டுக்கு ஒளி பகை. அருங்காட்சியகங்களில் பட்டுத் துணியின் மேல் 50 லக்ஸ் அளவுக்கு மேல் ஒளி விழாமல் பார்த்துக்கொள்வது வழக்கம்; நேர் வெயிலோ 1,00,000 லக்ஸ் வரை போகக்கூடியது. கடை அருங்காட்சியகம் அல்ல என்பதால் அந்த அளவைப் பிடிப்பது கடினம். எனவே காலத்தைக் குறைக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் ஒரே பட்டு முகப்பில் இருக்கக் கூடாது. இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். மேற்குப் பார்த்த கண்ணாடியில் ஏப்ரல், மே மாதங்கள் முழுவதும் விட்டிருந்த வெண்பட்டு அங்கவஸ்திரத்தை விரித்தபோது, வெளியே தெரிந்த மடிப்பு மட்டும் பழுத்த வாழையிலை போல மஞ்சளித்திருந்தது, உள்மடிப்பு வெண்மையாகவே இருந்தது. யாருக்கும் அதை விற்க மனம் வரவில்லை. இன்றும் அது பின்துணியாகத்தான் உழைக்கிறது.

பனி, புகை, உளு

சேலத்தில் கடை வைத்திருப்பவருக்கு வெயிலும் தூசியும்தான் கவலை. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் மூடுபனிதான் முதல் எதிரி. கீழே காய்ந்த காற்றில் இருந்த மரச்சிற்பம், 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்ததும் ஈரத்தை உறிஞ்சி உப்பும். அதனால் புதிதாக வந்த சிற்பத்தை நேராக விளக்கின் அடியில் ஏற்றாமல், ஒரு வாரம் உள்ளறையில் காற்றாட வைத்திருந்து பிறகு எடுக்க வேண்டும். சிற்பத்தின் அடியில் மாவு போன்ற மெல்லிய தூள் தென்பட்டால் மரம் உளுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். தூளை ஊதிவிட்டுத் திரும்பவும் வைப்பது, பக்கத்திலிருக்கும் மற்ற சிற்பங்களுக்கும் உளுவை அழைத்து வருவதாகும். அந்தப் பொருளை உடனே பிளாஸ்டிக் பையில் கட்டித் தனியே பிரித்துவிட வேண்டும்.

ஒரு நவம்பர் மாலையில், கடையை மூடும் முன் கண்ணாடிக்குள் இருந்த பலகைத் தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு அப்படியே பூட்டிப் போனேன். மறுநாள் காலையில் கண்ணாடியின் உட்புறம் முழுவதும் நீர் கோத்து, தெருவிலிருந்து பார்க்க ஒன்றுமே தெரியவில்லை. அந்த வாரத்திலேயே இரண்டு சிற்பங்களின் மடிப்புகளில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. இரவில் குளிர்ந்துபோகும் கண்ணாடியில், உள்ளே அடைபட்ட ஈரம் நீராகப் படிவது இயல்பு. பலகையின் கீழ்ப்பக்கம் இரண்டு, மேல்பக்கம் இரண்டு எனத் துளையிட்டு, பூச்சி நுழையாதபடி வலை அடித்த பிறகு அந்தத் தொல்லை பெரும்பாலும் நின்றது. இப்போது உலர்ந்த துணியாலும், மடிப்புகளில் பெயிண்டு அடிக்கும் மெல்லிய பிரஷாலும்தான் தூசு தட்டுகிறேன்.

வெள்ளி கறுப்பதற்குக் காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் காரணம். ரப்பரைப் பதப்படுத்தும்போது கந்தகம் சேர்ப்பதால், கொலுசு ஜோடியை ரப்பர் பேண்டு போட்டு வைத்தால் அது பட்ட இடத்தில் கரிய கோடு விழும். பருத்தி நூலால் கட்டுங்கள். காலையில் கடை திறந்ததும் காட்டும் சூடத்தையும் ஊதுபத்தியையும் கண்ணாடியிலிருந்து தள்ளியே வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் அந்தப் புகையும் பிசுக்கும் வெள்ளியிலும் ஜரிகையிலும் படிந்துவிடும். வெள்ளி இருக்கும் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை ஒன்று போடலாம்; ஆரஞ்சு நிற மணிகள் பச்சையானால் ஈரம் ஏறிவிட்டது என்று தெரிந்துகொண்டு மாற்றலாம். இரவில் வெள்ளியைப் பெட்டகத்துக்கு எடுத்துப் போய்விட வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

பட்டில் குண்டூசி குத்த வேண்டாம்; மலை ஈரத்தில் துருப்பிடித்து, ஊசி போன பிறகும் புள்ளி நிற்கும். ஜரிகை ஒரே மடிப்பில் நெடுநாள் இருந்தால் அந்த இடத்தில் முறியும் என்பதால், ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் மடிப்பை மாற்றி மடிக்க வேண்டும்.

பெயர்ச்சீட்டு

ஒவ்வொரு பொருளுக்கும் கையடக்கமான சீட்டு ஒன்று தேவை. அதில் பொருளின் பெயர், ஊர், எதனால் செய்தது, எத்தனை நாள் வேலை, விலை ஆகியவை இருந்தால் போதும். செய்தவர் சம்மதித்தால் மட்டும் அவர் பெயரைச் சேர்க்கலாம். ஒரு மீட்டர் தூரத்தில் நின்று படிக்க எழுத்து 8 மில்லிமீட்டர் உயரமாவது இருக்க வேண்டும். தமிழ் முதலில் வரட்டும். பெங்களூரிலிருந்து வருபவர்கள் மிகுதி என்பதால் கீழே கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் ஒவ்வொரு வரி எழுதலாம். விலையை மறைத்து, ஆளைப் பார்த்துச் சொல்லும் பழக்கம் மலையில் இன்னும் இருக்கிறது. எழுதாத விலையைக் கேட்கக் கூச்சப்பட்டுப் போய்விடுபவர்களே அதிகம் என்பது என் அனுபவம்.

சீட்டில் எழுதும் சொல்லுக்கு நாம்தான் பொறுப்பு. ஜெர்மன் சில்வர் என்று விற்கப்படுவதில் செம்பு, நிக்கல், துத்தநாகம் ஆகியவைதான் உண்டு, வெள்ளி துளியும் கிடையாது. அதை வெள்ளிக்குப் பக்கத்தில் வைப்பதையே தவிர்த்துவிடுங்கள். வெள்ளியின் தரத்தைப் பட்டறையில் எத்தனை ‘டச்’ (நூற்றில் எத்தனை பங்கு தூய வெள்ளி) என்று சொல்லிக் கொடுக்கிறார்களோ, அதையே விற்பனை ரசீதிலும் எழுத வேண்டும். பட்டில் சில்க் மார்க் வில்லையும், கைத்தறித் துணியில் கைத்தறி முத்திரையும் இருந்தால் அவற்றை மடிப்புக்குள் மறைக்காமல் வெளியே தெரியும்படி விடுங்கள்.

கண்ணாடிக்குள் இருக்கும் பொருளையே வேண்டும் என்று ஒருவர் கேட்டால், உள்ளே இதே போல இருக்கிறது என்று தட்டிக்கழிக்காமல் எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். அவர் நின்றது அந்தப் பொருளைப் பார்த்துத்தான், அதே உளி இன்னொரு முறை அதே மாதிரி ஓடியிருக்காது. காலியான இடத்தை அவசரமாக வேறொன்றால் நிரப்ப வேண்டியதில்லை. அன்று மாலை வரை சீட்டு மட்டும் அங்கேயே இருக்கட்டும். அடுத்து வருகிறவர் அந்தச் சீட்டைப் படித்துவிட்டு, உள்ளே வந்து அதையே கேட்பதுண்டு.